எத்தனை ஊர், எத்தனை இரவு?

வெளிநாட்டுப் பயணம் என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் மேசைக்கு வருவது ஒரு வெள்ளைத்தாள். கணவர் ஒரு பக்கம் அமர்ந்து ஊர்ப் பெயர்களை எழுதுவார். மனைவி மறுபக்கம் அமர்ந்து விடுப்பு நாட்களை எண்ணுவார். பட்டியல் நீண்டுகொண்டே போகும், விடுப்பு நீளாது. "அவ்வளவு தூரம் போகிறோம், பக்கத்தில்தானே இருக்கிறது, அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாமே!" என்று இருவரில் ஒருவர் சொல்வார். பெரும்பாலான பயணத் திட்டங்கள் இந்த ஒரு வாக்கியத்தில்தான் கெட்டுப்போகின்றன.

பத்து நாளில் ஏழு நகரம் என்று போய்வந்த தம்பதியரிடம் கேட்டுப் பாருங்கள். விமான நிலையங்களும் பேருந்து இருக்கைகளும்தான் நன்றாக நினைவிருக்கும். படங்களை எடுத்துப் பார்க்கும்போது, "இது எந்த ஊர்?" என்று இருவருக்கும் இடையே ஒரு வழக்கே நடக்கும். பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு, சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வாழ்நாளில் ஒருமுறை என்று கிளம்புகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமன்று. இரண்டாம் வாய்ப்பு கிடைக்காத பயணம் அது.

இந்தச் சிக்கல் மலிவு விலை விமானங்களோடு வந்ததும் அன்று. வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்ட சிக்கல் இது. சற்றே பின்னோக்கிப் போவோம்.

ஒரு ஷில்லிங்கில் தொடங்கியது

1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லப்பரோ நகருக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்றார் தாமஸ் குக். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். குக் மரத்தளவாடம் செய்யும் தொழிலாளி, மதுவிலக்குப் பிரசாரகர். அந்த ரயில் போனதும் மதுவிலக்குக் கூட்டத்துக்குத்தான். ஆனால் மொத்தமாகச் சீட்டு வாங்கி, நேரம் குறித்து, உணவு ஏற்பாடு செய்து, கூட்டமாக மக்களை அழைத்துப் போய்வரலாம் என்ற தொழில் அங்கிருந்து வளர்ந்தது. இன்று நம் பயண முகவர்கள் கையில் கொடுக்கும் பயண நிரலுக்கு அந்த ஒருநாள் ரயிலை முன்னோடி எனலாம்.

1863ஆம் ஆண்டு கோடையில் குக் தம் ஆட்களைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அந்தக் குழுவில் ஜெமிமா மோரல் என்ற யார்க்ஷயர் பெண்மணி இருந்தார். பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பாரிஸ், ஜெனீவா, ஷமோனி, கெம்மி கணவாய், இன்டர்லேக்கன், லூசர்ன் என்று மூன்று வாரத்துக்குள் அவர்கள் கடந்த தூரம் மலைக்க வைக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புறப்பட்ட நாட்கள் உண்டு. பெண்கள் தரையைத் தொடும் பாவாடையோடு பனிமலைப் பாதைகளில் நடந்தார்கள். சூரிய உதயம் பார்ப்பதற்காக ரிகி மலையுச்சிக்கும் போனார்கள். இத்தனை ஓட்டத்திலும் ஜெமிமா குறைபட்டதைவிட மகிழ்ந்ததே அதிகம். இளம் வயது, நல்ல தோழமை, முதல் பயணம். களைப்பும் ஒரு வேடிக்கையாகிவிட்டது. அந்த நாட்குறிப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குண்டுவீச்சில் இடிந்த கிடங்கு ஒன்றில் தகரப்பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டு, பயணத்தின் நூற்றாண்டான 1963இல் அச்சேறியது.

குக் தாமே உலகைச் சுற்றக் கிளம்பியது 1872இல். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து என்று போய்த் திரும்ப 222 நாட்கள் ஆயின. அதே ஆண்டு பிரான்சில் ஜூல் வெர்ன் 80 நாளில் உலகைச் சுற்றும் கதையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். ஊர் சுற்றுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு 222 நாள். கதாசிரியருக்கு 80 நாள்! நாம் இன்று போடும் திட்டங்களில் பல இந்தக் கதாசிரியரின் கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. குக் தொடங்கிய நிறுவனம் 178 ஆண்டுகள் ஓடி, 2019 செப்டம்பரில் கடனில் மூழ்கி மூடப்பட்டது. அது தனிக்கதை.

பல ஊர்களைத் தொட்டுச் செல்லும் ஒரு நீண்ட பயணத்தில், எங்கே எத்தனை நாள் தங்கினால் என்ன நேர்கிறது? இதை நாளுக்கு நாள் பின்தொடர்ந்து பார்க்க வாய்ப்பளிக்கும் தம்பதியர் ஒருவர் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து போனது நம் சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு வழியாகத்தான். கணவர் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். மனைவி பெயர் எல்சா.

உயிருக்கு அஞ்சிய காலம்

1922இல் ஐன்ஸ்டைனுக்கு வயது 43. எல்சாவுக்கு 46. இருவரும் உறவினர்கள், 1919இல் திருமணம் செய்துகொண்டவர்கள். அந்த ஆண்டு ஜூன் 24ஆம் தேதி ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் வால்ட்டர் ராத்தெனாவ் பெர்லின் வீதியில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் யூதர். ஐன்ஸ்டைனும் யூதர்; ராத்தெனாவோடு பழகியவர். அடுத்த குறி ஐன்ஸ்டைன்தான் என்ற எச்சரிக்கை வந்தது. பொதுக்கூட்டங்களைத் தவிர்த்தார், வகுப்புகளை நிறுத்தினார்.

ஜப்பானில் 'கைசோ' என்ற இதழை நடத்திய யாமாமோத்தோ சனேஹிக்கோ ஏற்கெனவே சொற்பொழிவுகளுக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். கணவன் மனைவி இருவருக்குமான பயணம் அது. வேறொரு நேரமாக இருந்தால் அதுவும் ஒரு சொற்பொழிவுப் பயணமாகப் போயிருக்கும். இப்போது அது பெர்லினிலிருந்து சில மாதங்கள் விலகியிருக்க ஒரு வழியாகவும் ஆயிற்று. அக்டோபர் 8ஆம் தேதி பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் 'கித்தானோ மாரு' என்ற ஜப்பானியக் கப்பலில் ஏறினார்கள்.

மார்செய் முதல் ஜப்பானின் கோபே துறைமுகம் வரை நாற்பது நாட்கள். இடையில் போர்ட் சயீத், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்ஹாய். இன்றைய கண்ணுக்கு இது வீணான நேரமாகத் தோன்றும். ஆனால் துறைமுகத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கடல் அவர்களுக்குக் கட்டாய ஓய்வைக் கொடுத்தது. ஐன்ஸ்டைன் மேல்தளத்தில் புத்தகம் படித்தார். கணக்குப் போட்டார். கூட்டமில்லை, கடிதமில்லை, மிரட்டலில்லை. வயிற்றுக்கோளாறால் படுத்துவிட்டபோது, அதே கப்பலில் பயணம் செய்த மியாகே ஹயாரி என்ற ஜப்பானிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் அவரைக் கவனித்துக்கொண்டார். பக்கத்து அறைப் பயணியாக வந்தவர் நண்பராகிவிட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் ஒரு நாள்தான். ரிக்‌ஷாவில் ஊரைச் சுற்றினார்கள். மனிதனை மனிதன் இழுக்கும் வண்டியில் தாமும் ஏறி உட்கார்ந்ததற்காக வெட்கப்பட்டதாக ஐன்ஸ்டைன் அன்றே நாட்குறிப்பில் எழுதினார். அதே நாட்குறிப்பில் அங்குள்ள மக்களைப் பற்றி அவசரமான சில வரிகளும் உண்டு. அந்த வரிகளுக்குப் பிறகு வருவோம்.

ஒக்ஸ்லி ரைஸில் ஒரு மாலை

நவம்பர் 2ஆம் தேதி கப்பல் சிங்கப்பூரை அடைந்தது. மறுநாளே புறப்பட வேண்டும். ஒரு பகல், ஓர் இரவு. அந்த நேரத்தை ஐன்ஸ்டைன் எப்படிச் செலவழித்தார்? பெரும்பகுதியை நன்கொடை கேட்பதில் செலவழித்தார்!

ஜெருசலேமில் ஒரு ஹீப்ரு பல்கலைக்கழகம் அமைக்க நிதி திரட்டிக்கொண்டிருந்த காலம். சிங்கப்பூரின் பெருஞ்செல்வர் மனாசே மேயரிடம் பேசும்படி சீயோனிய இயக்கத்தினர் ஐன்ஸ்டைனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேயர் பாக்தாத் வழிவந்த யூதர். ஒக்ஸ்லி ரைஸில் இருந்த அவருடைய 'பெல் வியூ' மாளிகையில் வரவேற்பு நடந்தது. பக்கத்தில் அவர் கட்டி 1905இல் திறந்த செசெட் எல் யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் நடப்பவர்கள் பார்க்கலாம். மேயரை நாட்குறிப்பில் ஐன்ஸ்டைன், செல்வத்துக்குப் பெயர்போன பழங்கால லிடிய அரசன் குரோசஸின் பெயரால் குறிப்பிடுகிறார். கேட்டது பலித்ததா என்று அப்போது அவருக்கே நிச்சயமில்லை.

விருந்து, உரை, கைகுலுக்கல். மறுநாள் கப்பல். நம் ஊருக்கு வந்த உலகின் மிகப் பெரிய அறிவியலாளர் நம் ஊரில் பார்த்தது இவ்வளவுதான். ஒரே இரவு தங்கும் ஊரில் ஒரு வேலையையும் ஒரு விருந்தையும் வைத்துவிட்டால் அந்த ஊர் கணக்கில் இருக்கும், கண்ணில் இராது. ஹாங்காங்கும் ஷாங்ஹாயும் ஏறத்தாழ இதே கதைதான்.

திட்டத்தில் விழுந்த இரண்டு ஓட்டைகள்

ஷாங்ஹாயை அடைந்தபோது ஒரு செய்தி காத்திருந்தது. 1921ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபெல் பரிசு ஐன்ஸ்டைனுக்கு! ஆனால் விழா டிசம்பர் 10ஆம் தேதி ஸ்டாக்ஹோமில். அன்றைய தேதியில் அவர் இருக்க வேண்டியது ஜப்பானில்.

இது எதிர்பாராத மோதல் என்று சொல்லிவிட முடியாது. பயணத்துக்கு முன்பே, செப்டம்பரில், சுவீடிய அறிவியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ் ஜாடையாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். டிசம்பரில் ஸ்டாக்ஹோம் வந்தால் நல்லது, ஜப்பான் போய்விட்டால் அது முடியாதே என்ற பொருளில். ஐன்ஸ்டைனுக்குப் புரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் ஜப்பானுக்குக் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. பரிசை ஜெர்மனியின் தூதர் அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். அதே டிசம்பர் 10இல் ஐன்ஸ்டைன் கியோத்தோவில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். நோபெல் செய்தியைப் பற்றி அவருடைய பயண நாட்குறிப்பில் ஒரு சொல்கூடக் கிடையாது. நம்மில் யாராவது இருந்திருந்தால் மீதிப் பக்கம் முழுவதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்!

இரண்டாவது ஓட்டைதான் பெரிது. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் தலைவர் சாய் யுவான்பெய் ஐன்ஸ்டைனைச் சீனாவுக்கு அழைத்திருந்தார். இரண்டு வாரம் தங்கிச் சொற்பொழிவாற்ற ஐன்ஸ்டைனும் இசைந்திருந்தார். அங்கிருந்து உறுதிக் கடிதம் வரும் என்று அவர் ஜப்பானில் காத்திருந்தார். ஏற்கெனவே உறுதியாகிவிட்டது என்று அவர்கள் அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கடிதம் வந்து சேர்ந்தபோது டிசம்பர் பிற்பகுதி. திரும்பும் கப்பல் முடிவாகிவிட்டது. வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். பீக்கிங் பயணம் நடக்கவே இல்லை. சீனா என்றால் ஹாங்காங், ஷாங்ஹாய் துறைமுகங்களோடு சரி என்றாகிவிட்டது.

விடுதிக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வராதபோது, "பதிவாகியிருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நாற்பத்து மூன்று நாட்கள்

நவம்பர் 17ஆம் தேதி கோபேயில் இறங்கி டிசம்பர் 29ஆம் தேதி மோஜி துறைமுகத்தில் கப்பலேறும் வரை, இறங்கிய நாளும் ஏறிய நாளும் சேர்த்து ஜப்பானில் 43 நாட்கள். முதல் இரண்டு வாரம் மூச்சுவிட நேரமில்லை. தோக்கியோ ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. வந்த மறுநாளே கேயோ பல்கலைக்கழகத்தில் பொதுச் சொற்பொழிவு. ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியில் சொல்லச் சொல்ல, இயற்பியலாளர் இஷிவாரா ஜுன் ஜப்பானிய மொழியில் பெயர்க்க, மணிக்கணக்கில் நீண்டது. இரண்டு நாள் கழித்துப் பேரரசின் செவ்வந்திப் பூந்தோட்ட விருந்து. பிறகு பல்கலைக்கழகத்தில் நிபுணர்களுக்கான தொடர் வகுப்பு. மாலையில் இன்னொரு விருந்து.

தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலில் நடந்த ஒரு சிறு சம்பவம் பிற்காலத்தில் உலகச் செய்தியானது. செய்தி கொண்டுவந்து கொடுத்த பணியாளருக்கு அன்பளிப்புக் கொடுக்கக் கையில் சில்லறை இல்லை. அல்லது அவர் வாங்க மறுத்துவிட்டார். ஐன்ஸ்டைன் ஹோட்டல் தாளில் இரண்டு குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். ஓயாத பரபரப்போடு வெற்றியைத் துரத்துவதைவிட அமைதியான எளிய வாழ்க்கையே கூடுதல் மகிழ்ச்சி தரும் என்பது ஒன்றின் கருத்து. 2017இல் ஜெருசலேமில் ஏலம் விட்டபோது அந்தத் தாள் 15 லட்சத்து 60 ஆயிரம் அமெரிக்க டாலருக்குப் போனது. அதை எழுதியபோது அவருடைய நாட்கள் இருந்த இருப்பைப் பார்த்தால், பணியாளருக்குச் சொன்னாரா தமக்கே சொல்லிக்கொண்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு திட்டம் சற்றே தளர்ந்தது. செண்டாயில் சொற்பொழிவு முடிந்ததும் நிக்கோ மலைப்பகுதியில் சில நாட்கள். நகோயா, கியோத்தோ, ஒசாக்கா, கோபே என்று சுற்றியபின் நாரா. அதற்குப் பிறகு மியாஜிமா தீவு. கடலுக்குள் நிற்கும் செந்நிற வாயிலுக்குப் பெயர்பெற்ற கோயில் தீவு. அங்கே சொற்பொழிவே கிடையாது. தம்பதியர் கரையோரம் நடந்தார்கள், ஐன்ஸ்டைன் மலை ஏறினார். பயணத்தின் ஒரு பகுதியில் உடன் சென்ற கேலிச்சித்திரக்காரர் ஒகாமோத்தோ இப்பெய், ஐன்ஸ்டைனின் மூக்கைப் பெரிதாக வரைந்தார். அந்த மூக்குதான் எண்ணங்களைச் சேர்த்து வைக்கும் தொட்டி என்று ஐன்ஸ்டைன் தம் கையாலேயே அதில் எழுதிக் கையொப்பமிட்டார். தளர்ந்த மனிதனுக்கு இந்த நகைச்சுவை வராது.

கியோத்தோவிலிருந்து தம் மகன்களுக்கு எழுதிய கடிதத்தில், தாம் சந்தித்த மக்களிலேயே ஜப்பானியரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது என்று எழுதினார். அடக்கம், அறிவு, பிறர்மீது அக்கறை, கலையுணர்வு எல்லாம் உள்ளவர்கள் என்றார்.

ஒரு நாளில் எழுதிய தீர்ப்பு

இப்போது அந்தச் சங்கடமான வரிகளுக்கு வருவோம். ஐன்ஸ்டைனின் இந்தப் பயண நாட்குறிப்பை 2018இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஆங்கிலத்தில் தனி நூலாக வெளியிட்டபோது உலகமே அதிர்ந்தது. இனவெறியை வெள்ளையரின் நோய் என்று 1946இல் அமெரிக்காவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அதே மனிதர் 1922இல் சீனர்களைப் பற்றி, உழைப்பாளிகள் ஆனால் மழுங்கியவர்கள் என்ற பொருளில் எழுதியிருந்தார். கொழும்பு மக்களைப் பற்றிய வரிகளும் மதிப்பாக இல்லை.

இதைப் பூசி மெழுகத் தேவையில்லை. அந்தக் காலத்து ஐரோப்பியரின் இன எண்ணங்கள் அவருடைய பெட்டியிலும் இருந்தன. பெர்லினில் யூதர் என்பதற்காக வெறுக்கப்பட்டவரிடமே அவை இருந்தன என்பதுதான் வேதனை. ஆனால் பயணத் திட்டத்தையும் நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. மிகக் கடுமையான வரிகள் வருவது ஒரு நாள், இரண்டு நாள் நின்ற ஊர்களில். துறைமுகத்தில் இறங்கி, வண்டியில் ஏறி, நெரிசலான தெருக்களைப் பார்த்து, விருந்துக்குப் போய், கப்பலுக்குத் திரும்பிய ஊர்களில். ஆறு வாரம் தங்கி, வீடுகளுக்குள் போய், தரையில் அமர்ந்து சாப்பிட்டு, பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகிய நாட்டைப் பற்றி எழுதும்போது குரலே மாறிவிடுகிறது.

நாட்கள் கூடினால் எல்லாத் தவறும் திருந்திவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஜப்பானியரைப் பற்றியும் ஓரிரு அவசரக் கணிப்புகள் அந்த நாட்குறிப்பில் உண்டு. ஜப்பானில் அவர் அரச விருந்தினர் போல் நடத்தப்பட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும், பீக்கிங்கிலிருந்து வர வேண்டிய அந்தக் கடிதம் மூன்று வாரம் முன்னதாக வந்திருந்தால்? சாய் யுவான்பெய்யோடும் அவருடைய மாணவர்களோடும் பதினான்கு நாட்கள் பேசிப் பழகியிருந்தால்? சீனாவைப் பற்றிய பக்கங்கள் அப்படியே இருந்திருக்குமா? இருந்திருக்காது என்று நம்ப இடமிருக்கிறது.

"அந்த ஊர் மக்கள் சரியில்லை", "அங்கே ஒரே அழுக்கு" என்று அரை நாள் நின்ற ஊரைப் பற்றி நம்மவர்கள் வந்து சொல்லும் தீர்ப்புகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் முறைத்திருப்பான். அவ்வளவுதான் அந்த நாடு!

திரும்பும் வழி

திரும்பும் கப்பல் 'ஹருணா மாரு'. ஷாங்ஹாய், ஹாங்காங் வழியாக 1923 ஜனவரியில் மீண்டும் சிங்கப்பூர். இம்முறை மலாக்காவிலும் பினாங்கிலும் கப்பல் நின்றது. அங்கும் தொட்டுச் சென்றதுதான். ஆனால் கடல் தன் வேலையைச் செய்தது. பொதுச் சார்பியல் பற்றி அவர் அந்தப் பயணத்தில் எழுதி முடித்த ஆய்வுக் கட்டுரையின் அடியில் ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கப்பலின் பெயர் இருக்கிறது: ஹருணா மாரு, ஜனவரி 1923.

கப்பல் பயணத்தின் இந்த அருமை நம் மூத்தவர்களுக்குத் தெரியும். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே 'ரஜூலா' கப்பலில் போய்வந்தவர்கள், ஊரைப் பற்றிச் சொல்வதற்கு இணையாகக் கப்பலில் கிடைத்த நட்புகளைப் பற்றியும் சொல்வார்கள். ஜெட் விமானம் வந்ததும் அந்த இடைவெளி மறைந்தது. 1969இல் ஹாலிவுட்டில், 18 நாளில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளைச் சுற்றும் பேருந்துக் குழுவைக் கிண்டல் செய்து ஒரு படமே எடுத்துவிட்டார்கள். இன்று செவ்வாய்க்கிழமை என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதுதான் படத்தின் தலைப்பு. கடல் கொடுத்த இடைநாட்களை இனிப் பயணிகளே தங்கள் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு தம்பதியர் மூன்று ஊர்களுக்குப் போகிறார்கள் என்றால், ஊர் மாறும் நாளில் பாதி பெட்டி கட்டுவதிலும் காத்திருப்பதிலும் போய்விடும். அந்த நாளை எந்த ஊரின் கணக்கிலும் சேர்க்கக்கூடாது. பயண முகவர்கள் அச்சிடும் நிரலில் மட்டும் அது எப்போதும் முழு நாளாகவே இருக்கும்!

ஐன்ஸ்டைன் தம்பதியர் பிப்ரவரியில் பாலஸ்தீனத்தில் 12 நாட்கள் தங்கினார்கள். ஜெருசலேம், டெல் அவிவ், ஹைஃபா என்று மறுபடியும் வரவேற்பும் உரையுமாக நெரிசல். அங்கிருந்து ஸ்பெயின். பார்சலோனா, மாட்ரிட், சரகோசா எல்லாம் திட்டமிட்ட சொற்பொழிவுகள். நடுவே மார்ச் 6ஆம் தேதி மட்டும் மாட்ரிட்டுக்கு அருகில் உள்ள டொலேடோ என்ற பழைய நகருக்கு எல்சாவுடன் சென்றார். தத்துவ அறிஞர் ஒர்ட்டேகா இ காசெட் உள்ளிட்ட சிலர் மட்டும் உடன் போனார்கள். மேடையில்லை, மாலையில்லை. குறுகிய தெருக்களில் நடந்தார்கள், எல் கிரேக்கோவின் ஓவியத்தைப் பார்த்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் நீண்ட அந்தப் பயணத்தில், தம் வாழ்வின் மிக அழகிய நாட்களில் ஒன்று என்று ஐன்ஸ்டைன் குறித்து வைத்தது பேரரசரின் தோட்ட விருந்து நாளை அன்று. டொலேடோவில் நடந்த அந்த ஒரு நாளைத்தான்.

மார்ச் நடுவில் பெர்லின் திரும்பினார்கள். தவறவிட்ட நோபெல் உரையை ஜூலை மாதம் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நிகழ்த்தினார். பெர்லினில் இருந்த ஆபத்து போய்விடவில்லை. பத்தாண்டில் அது ஆட்சிக்கே வந்தது. 1933இல் ஐன்ஸ்டைன் தம்பதியர் அமெரிக்காவில் குடியேறினார்கள். எல்சா 1936இல் பிரின்ஸ்டனில் காலமானார். இருவரும் ஆசியாவுக்கு மறுபடி வரவே இல்லை.

கித்தானோ மாருவில் வைத்தியம் பார்த்த மருத்துவர் மியாகேயை ஐன்ஸ்டைன் ஃபுகுவோக்காவில் அவருடைய வீட்டுக்கே போய்ச் சந்தித்திருந்தார். 1945 ஜூன் மாதம் ஒகாயாமா நகர்மீது நடந்த அமெரிக்க வான்தாக்குதலில் மியாகேயும் அவருடைய மனைவியும் உயிரிழந்தார்கள். செய்தியறிந்த ஐன்ஸ்டைன், தம்பதியரின் கல்லறைக்கென்று ஜெர்மன் மொழியில் சில வரிகள் எழுதி அனுப்பினார். அவருடைய கையொப்பத்தோடு அந்த வரிகள் ஜப்பானின் தொக்குஷிமா மாநிலத்தில் உள்ள அந்தக் கல்லறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன.